யார் கையில் கேஸ் ஷீட்? வடசென்னையும் தீவிர சிகிச்சையின் மின்பதிவும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து எழுந்தார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் 108இலும் ஏறி மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஐம்பது பேர் வரை தனியார் மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளையாக உயிர் எதுவும் போகவில்லை.

அம்மோனியாவைச் சுவாசித்தவர் முதல் ஒரு மணி நேரம் தெம்பாக நடமாடலாம். மூச்சுப்பாதை வீங்குவதும் நுரையீரலில் நீர் கோப்பதும் சில மணி நேரம் கழித்தும் வரும். எத்தனை மணிக்கு வாயு பட்டது, எவ்வளவு நேரம் அதில் இருந்தார், வந்தபோது ஆக்ஸிஜன் எவ்வளவு, ஏற்கெனவே வீசிங் உண்டா என்று முதலில் பார்த்தவர் எழுதிவைக்கும் நான்கு வரி இங்கே மருந்துக்குச் சமம். அந்த நான்கு வரி அடுத்த ஷிப்ட் மருத்துவர் கைக்கோ, நோயாளியை மாற்றி அனுப்பும் அடுத்த மருத்துவமனைக்கோ போய்ச் சேருமா? தீவிர சிகிச்சையில் மின்னணு மருத்துவப் பதிவு வேண்டுமா, வந்தால் நோயாளிக்குப் பாதுகாப்பு கூடுமா என்ற பெரிய விவாதத்தை இந்தச் சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. கடந்த 25 ஆண்டுகளாக உலகம் இதில் என்ன கற்றது, அதில் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் எது பொருந்தும் என்று பார்ப்போம்.

ஐ.சி.யூ. ஏன் தனி

சாதாரண வார்டில் நடக்கும் பிழைக்கும் ஐ.சி.யூ.வில் நடக்கும் பிழைக்கும் வித்தியாசம், திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. வார்டில் ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த வேளை கொடுத்துவிடலாம். நார்அட்ரினலின் சொட்டும் பம்ப்பில் ஒரு புள்ளி இடம் மாறினால் நிமிடங்களில் ரத்த அழுத்தம் தலைகீழாகும்.

ஜெருசலேமில் ஓர் ஐ.சி.யூ.வை உட்கார்ந்து கவனித்து எண்ணிய ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் சராசரியாக 178 செயல்கள் செய்யப்படுகின்றன, அவற்றில் 1.7 பிழையாகின்றன என்று அது சொன்னது. 178க்கு இரண்டுகூட இல்லையே என்று தோன்றலாம். பத்துப் படுக்கை உள்ள ஐ.சி.யூ.வில் அது நாளொன்றுக்குப் பதினேழு பிழை. அதே ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது: பிழைகளில் கணிசமான பங்கு மருத்துவரும் செவிலியரும் பேசிக்கொள்வதில் விழும் இடைவெளியோடு சேர்ந்தே நடந்தது.

ஆகவே 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் தன் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டு, மருத்துவப் பிழைகளால் அந்த நாட்டில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னபோது, கணினிதான் மருந்து என்று எல்லோரும் நம்பியதில் வியப்பில்லை. அதற்கு ஓராண்டு முன்பே பாஸ்டனில் டேவிட் பேட்ஸ் குழுவினர், மருத்துவர் மருந்தைக் காகிதத்தில் எழுதாமல் கணினியில் பதிந்தால் கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைகின்றன என்று காட்டியிருந்தார்கள். கிறுக்கல் கையெழுத்து இல்லை, ஒத்துவராத மருந்து என்றால் திரையே எச்சரிக்கும், அலர்ஜி மறக்காது. யார் வேண்டாம் என்பார்கள்?

பிட்ஸ்பர்க் தந்த அடி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில் ஆறே நாட்களில் முழு மருத்துவமனையையும் கணினி மருந்துச் சீட்டுக்கு மாற்றியது. மற்ற மருத்துவமனைகளிலிருந்து ஆபத்தான நிலையில் அனுப்பப்படும் குழந்தைகள் அங்கே ஏராளம். நம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாவட்டங்களிலிருந்து வருவது போல. மாற்றத்துக்கு முந்தைய 13 மாதங்களையும் பிந்தைய 5 மாதங்களையும் அங்கிருந்த மருத்துவர்களே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளியிலிருந்து மாற்றப்பட்டு வந்த குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியிருந்தது. 2005 டிசம்பரில் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் இது வந்ததும் துறையே அதிர்ந்தது.

என்ன நடந்தது என்று அவர்கள் எழுதியிருப்பதைத் தமிழ்நாட்டில் மென்பொருள் டெண்டர் எழுதும் ஒவ்வொரு அதிகாரியும் படிக்க வேண்டும். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே தொலைபேசியில் தகவல் வரும். மருத்துவர் சீட்டு எழுதுவார். குழந்தை வந்து இறங்கும்போது மருந்து தயாராக இருக்கும். புதிய முறையில், நோயாளி உள்ளே வந்து பதிவு முடியும்வரை கணினி எந்த மருந்தையும் ஏற்காது. முன்பு சில நொடிகளில் கிறுக்கிய சீட்டுக்கு இப்போது ஒன்றிரண்டு நிமிடம் கிளிக் செய்ய வேண்டும். குழந்தையைச் சுற்றி நிற்க வேண்டியவர்களில் ஒரு மருத்துவர் முழுநேரமாகக் கணினி முன் உட்கார்ந்தார். ஐ.சி.யூ. அலமாரியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அவசர மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன. படுக்கைக்குக் குறுக்கே மருத்துவரும் செவிலியரும் பேசிக்கொள்வது குறைந்தது. திரையில் போட்டுவிட்டேனே, பார்த்துக்கொள்வார்கள் என்று ஆகிவிட்டது.

இந்த ஆய்வுக்கு எதிர்வாதமும் உண்டு. முன்–பின் ஒப்பீடு என்பது பலவீனமான முறை. ஐந்து மாதம் குறுகிய காலம். அதே மென்பொருளைப் பயன்படுத்திய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை, தன் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் இறப்பு கூடவில்லை என்று மறு ஆண்டே எழுதியது. 2010இல் ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் மருத்துவமனை இறப்பு 20 சதவீதம் குறைந்ததாகவே சொன்னது. சியாட்டில்காரர்கள் அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே திரையில் தயாராக வைத்திருந்தார்கள். ஒரே மென்பொருள், இரண்டு ஊர், இரண்டு முடிவு. எனவே ‘மின்பதிவு உயிர் காக்குமா, கொல்லுமா’ என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த வேலை முறைக்குள் அதைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதே விடையை முடிவு செய்கிறது.

கணினி தானே உண்டாக்கும் பிழைகள் இன்னொரு வகை. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவனுக்கு, நம் ஊரில் செப்ட்ரான் என்று அறியப்படும் மாத்திரை ஒன்று கொடுக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டரை மாத்திரை கொடுக்கப்பட்டது. மருத்துவர் 160 என்று தட்டினார். மில்லிகிராம் என்று நினைத்தார். திரையோ ‘ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்ற அளவில் இருந்தது. எச்சரிக்கை வந்தது, தினமும் வரும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளில் ஒன்றாகக் கடந்து போனது. மருந்தகத்தின் ரோபோ துல்லியமாக எண்ணிப் பொட்டலம் கட்டியது. செவிலியருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பார்கோடை ஸ்கேன் செய்தபோது சரியென்று சொன்னது இயந்திரம். சிறுவனுக்கு வலிப்பு வந்து ஐ.சி.யூ.வுக்குப் போனான், பிழைத்தான். அந்த மருத்துவமனையின் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் இதை மறைக்காமல் தன் நூலில் விரிவாக எழுதினார். பிழையை இப்படித் திறந்து பேசும் வழக்கம் நம்மிடம் இல்லாததையும் இங்கே குறித்துவைக்கலாம்.

வடசென்னையின் பல கல்லாப்பெட்டிகள்

காசிமேட்டில் விசைப்படகின் வின்ச்சில் கை சிக்கியவர், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி இடித்தவர், மணலி ஆலையில் தீக்காயம் பட்டவர் என்று இந்தப் பகுதியின் அவசர நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் போய்ச் சேரக்கூடிய இடங்கள் எத்தனை? துறைமுகத் தொழிலாளர்களுக்குத் துறைமுக மருத்துவமனை. ரயில்வே ஊழியருக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்றால் அயனாவரம். கர்ப்பிணிக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். தொற்று நோய் என்றால் தண்டையார்பேட்டை. எல்லோருக்கும் கடைசியில் ஸ்டான்லி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால் பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்.

இவற்றில் கணினியே இல்லை என்று சொல்ல முடியாது, எத்தனையோ இருக்கின்றன. ரயில்வேக்கு ரெயில்டெல் அமைத்த தனி மென்பொருள். இ.எஸ்.ஐ. கழகத்துக்கு ‘தன்வந்திரி’. உலக வங்கிக் கடனோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார சீரமைப்புத் திட்டத்தின் வழியே மாநில அரசு மருத்துவமனைகளுக்கு வந்த மேலாண்மை மென்பொருள். கர்ப்பிணிகளுக்கு 2008 முதல் ‘பிக்மி’. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பவர்களின் பதிவு. காப்பீட்டு அட்டைக்கு வேறொன்று. 2021 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் 14 இலக்க ‘ஆபா’ எண் இவற்றையெல்லாம் கோத்துவிடும் என்பது திட்டம். எண் வாங்கியவர் பலர். நள்ளிரவில் மயங்கிக் கிடப்பவரின் எண்ணைக் கொண்டு அவர் நேற்று எந்த மாத்திரை சாப்பிட்டார் என்று பணி மருத்துவர் பார்ப்பது வேறு விஷயம்.

இன்றைக்கு இந்தப் பதிவுகளையெல்லாம் கோக்கும் ஒரே கருவி, நோயாளியின் மனைவியோ அம்மாவோ ஜவுளிக்கடைப் பையில் சுமந்துவரும் ரிப்போர்ட் கட்டு. எக்ஸ்ரே, ஸ்கேன், நான்கு மருத்துவமனைகளின் ஓ.பி. சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கூடவே மாத்திரை அட்டை. கிண்டல் செய்யத் தோன்றலாம். ஆனால் மின்சாரம் தேவைப்படாத, பாஸ்வேர்டு கேட்காத, நோயாளியோடு ஆம்புலன்ஸில் ஏறும் பதிவு அது ஒன்றுதான். புதிதாக எது வந்தாலும் குறைந்தபட்சம் அந்தப் பை செய்யும் வேலையைச் செய்ய வேண்டும்.

பை இல்லாமல் வருபவர்களும் உண்டு. காசிமேட்டுப் படகுகளில் ஆந்திரத்திலிருந்து வந்து தொழில் செய்பவர்கள் கணிசமானோர். கடலில் அடிபட்டுக் கரைக்கு வரும் தெலுங்குக்காரருக்குக் கூட வருபவர் அதே படகின் இன்னொரு கூலி. அவருக்கு இவருடைய முழுப் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். அரசு மருத்துவமனைப் பதிவில் இவர் ‘அன்னோன் மேல், சுமார் 40’ ஆகிறார். ஒரே இரவில் சாலையில் அடிபட்டு இன்னொரு ‘அன்னோன் மேல், சுமார் 40’ வந்தால்? ரத்தப் பிரிவுச் சாம்பிள் குழாயில் ஒட்டும் பெயர்தான் இருவரையும் பிரிக்கும் ஒரே சுவர். இங்கே எண் பொறித்த கைப்பட்டையும் பார்கோடும் உண்மையிலேயே உயிர் காக்கும். ஐ.சி.யூ. மின்பதிவின் மற்ற எல்லா அலங்காரங்களுக்கும் முன்னால் வர வேண்டியது அதுதான்.

பெயர் தெரிந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. நமக்கோ இனிஷியல். எம். செல்வம் ஒரு முறை செல்வம் எம். ஆவார், அடுத்த முறை செல்வம் முருகன் ஆவார். கணினிக்கு மூன்று ஆட்கள். ஒருவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்கும். மற்ற இருவருக்கும் இருக்காது. வயதும் அப்படித்தான், ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று.

எடை இன்னும் மோசம். ஐ.சி.யூ. மருந்துகளில் பலவற்றின் அளவு, நோயாளியின் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் போகிறது. நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பது? எடை காட்டும் கட்டில் இல்லாத இடத்தில் கண்ணளவுதான். அறுபது என்று யாரோ சொல்ல அறுபது என்று பதிவாகும்; அதை வைத்துப் பம்ப் இரண்டு தசமப் புள்ளி வரை துல்லியமாக மருந்து செலுத்தும். இந்த இடத்தில் மென்பொருளைவிடக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் தராசு மலிவு, பலனும் அதிகம்.

தெரிந்தும் போய்ச் சேராதவை

தமிழ்நாட்டில் பதிவின் கோளாறு உயிரைத் தொட்ட இரண்டு நிகழ்வுகள் பொதுவெளியில் இருக்கின்றன. இரண்டுமே ஐ.சி.யூ.வுக்குள் நடந்தவை அல்ல. ஆனால் பாடம் அதற்கே பொருந்தும்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016லேயே சிவகாசியில் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்திருந்தது. ரத்த வங்கியின் ஏட்டில் இருந்த அந்தச் செய்தி அவருக்குச் சொல்லப்படவே இல்லை. நல்லெண்ணத்தோடு இரண்டாம் முறை கொடுத்தார். அந்த முறை பரிசோதனையிலும் கோட்டை விட்டார்கள். எழுதிவைத்த ஒரு வரி இரண்டு ஆண்டு ஓர் ஏட்டுக்குள்ளேயே கிடந்து, ஒரு தாயின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. பழைய கொடையாளர் பெயரைத் தட்டினால் சிவப்புக் கொடி எழும் கணினி ஒன்று அங்கே இருந்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது நம் பகுதியிலேயே நடந்தது. 2022 நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு முழங்கால் சவ்வுச் சிகிச்சை நடந்தது. அதன் பின் போட்ட இறுக்கமான கட்டால் காலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று மருத்துவக் குழு விசாரணை கூறியது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றி, காலை எடுத்தும், 15ஆம் தேதி அந்தப் பெண் இறந்துபோனார். இங்கே கணினி காப்பாற்றியிருக்குமா? பாத நாடி இருக்கிறதா, விரல் சூடாக இருக்கிறதா, அசைகிறதா என்று மணிக்கு ஒரு முறை கேட்கும் திரை இருந்திருந்தால் உதவியிருக்கலாம். ஆனால் போர்வையை விலக்கிக் காலைத் தொட ஒரு கையும், வலி என்று சொன்னால் நிறுத்திக் கேட்க ஒரு காதும், கட்டைத் தளர்த்த அதிகாரமுள்ள ஒருவரும் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் ‘நாடி உண்டு’ என்று நேற்றைய பதிவை இன்றைக்கு ஒட்டுவதும் நடக்கும். அமெரிக்க மருத்துவமனைகளில் இப்படி நகலெடுத்து ஒட்டுவது பெரும் நோயாகவே இருக்கிறது.

சாத்தூரில் கணினி உதவும். பெரியார் நகரில் ஆள் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மென்பொருளை விடையாகச் சொல்வது நேர்மையில்லை.

சிஸ்டரின் நேரம்

வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது தீவிர சிகிச்சைத் துறையினர் பொதுவாக ஏற்ற அளவுகோல். நம் அரசு மருத்துவமனைகளின் ஐ.எம்.சி.யூ.க்களில் ஒரு சிஸ்டர் மூன்று நான்கு கட்டில்களைப் பார்ப்பது சாதாரணம். மணிக்கு ஒரு முறை நாடி, அழுத்தம், ஆக்ஸிஜன், சிறுநீர் அளவு, வென்டிலேட்டர் எண்கள் எல்லாவற்றையும் அகலமான சார்ட்டில் எழுத வேண்டும். இதில் கணினி வந்தால் நடப்பது பெரும்பாலும் இதுதான்: சட்டத்துக்குக் காகிதம், மேலிடத்துக்குக் கணினி என்று ஒரே எண்ணை இரண்டு முறை எழுதுவது. கூடவே காப்பீட்டுக்குப் புகைப்படம், ஏ.ஆர். என்ட்ரி எனும் விபத்துப் பதிவுக்கு வேறு புத்தகம். இரட்டைப் பதிவு இருக்கும்வரை மின்பதிவு பாதுகாப்புக்கு எதிரி என்றே சொல்வேன். மானிட்டரிலிருந்தும் பம்ப்பிலிருந்தும் எண்கள் தாமே பதிவுக்குள் போனால் மட்டுமே சிஸ்டருக்கு நேரம் மிச்சம். அந்த இணைப்புதான் விலை கூடிய பகுதி. டெண்டரில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

எச்சரிக்கை மணியின் கதையும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவில் ஐந்து ஐ.சி.யூ.க்களின் 77 படுக்கைகளில் 31 நாளில் 25 லட்சத்துக்கும் மேல் எச்சரிக்கைகள் பதிவாயின என்று 2014இல் ஓர் ஆய்வு எண்ணியது. காதுக்குக் கேட்டவை மட்டும் படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. இத்தனை மணி அடித்தால் மனிதக் காது தானாகவே மூடிக்கொள்ளும். செயற்கை அறிவு வந்துவிட்டது, ரத்தத் தொற்றை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று விற்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய அத்தகைய கருவி ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2021இல் சோதித்தபோது, அது மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளைக் கோட்டை விட்டிருந்தது.

மாறாக, கணினி பெரிதாக இல்லாமலே கிடைத்த வெற்றிகள் உண்டு. பீட்டர் பிரனோவோஸ்ட் குழுவினர் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் ரத்தக்குழாயில் வடிகுழாய் போடும்போது ஐந்து காரியங்களைச் சரிபார்க்கும் ஒரு தாளைப் புகுத்தினார்கள். கை கழுவினாரா, முழுத் துணி விரித்தாரா என்ற அளவு எளிய கேள்விகள். மருத்துவர் தவறவிட்டால் செவிலியர் நிறுத்தச் சொல்லலாம் என்ற அதிகாரமும் தந்தார்கள். மூன்று மாதத்தில், ஆயிரம் வடிகுழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு பூஜ்யத்துக்கு வந்தது. சீனியர் டாக்டரைப் பார்த்து ‘சார், நிறுத்துங்க’ என்று ஒரு சிஸ்டர் சொல்லக்கூடிய இடமாக நம் ஐ.சி.யூ. இருக்கிறதா என்பதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

கரண்ட் போனால்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு. ஏறக்குறைய இரண்டு வாரம் நாட்டின் முதன்மை மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. வடசென்னைக்கு ஹேக்கர் தேவையில்லை, மழை போதும். 2015 வெள்ளத்தில் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் அற்று ஐ.சி.யூ. நோயாளிகளை வெளியேற்ற வேண்டிவந்தது. 2023 மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. கணினி நின்ற ஐந்தாவது நிமிடத்தில் கைக்கு வரும் காகித சார்ட்டும், அதை எழுதத் தெரிந்த ஆட்களும், மாதத்துக்கு ஒருமுறை அதற்கான ஒத்திகையும் இல்லாமல் ஐ.சி.யூ.வைக் கணினிக்கு மாற்றக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. குப்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. விஷம் குடித்துச் சேர்ந்ததும், டி.பி.யும், கருக்கலைப்பும் வார்டு வாசல் தாண்டி மீன் ஏலம் வரை போய்விடும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வார்டு கணினியின் பாஸ்வேர்டு திரையிலேயே ஒட்டியிருந்தால் சட்டம் என்ன செய்யும்?

பக்கத்திலேயே ஒரு மாதிரி

பெரிய மென்பொருள் வாங்காமல் சிறிதாகத் தொடங்கியவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். இலங்கையில் அரசு ஐ.சி.யூ.க்களை இணைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் குறைந்த அளவு தகவல்களை மட்டும் கையடக்கக் கருவியில் பதியும் தேசியப் பதிவேட்டை நிக்ஸ்ட் என்ற அமைப்பின் துணையோடு கட்டினார்கள். அதே தளத்தை ஒட்டி, சென்னையின் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் முன்முயற்சியில் 2019இல் ‘ஐரிஸ்’ என்ற இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு பிறந்தது. யார் வந்தார், எவ்வளவு நோயுற்றிருந்தார், என்ன ஆனார் என்பதே அதன் சாரம். இது கேஸ் ஷீட்டுக்கு மாற்று அல்ல. ஆனால் நம் ஐ.சி.யூ.வில் இறப்பு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலா குறைவா, வென்டிலேட்டர் நிமோனியா எத்தனை பேருக்கு என்று இப்படி எண்ணாத மருத்துவமனைக்குத் தன் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே ஆதாரம் இல்லை. பிட்ஸ்பர்க் தன் தவறைக் கண்டுபிடித்ததே எண்ணிக்கொண்டிருந்ததால்தான்.

மாநிலத்திடமும் நல்ல அடித்தளம் உண்டு. விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சியில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். 108 வண்டி வழியிலிருந்தே முன்தகவல் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது; தனியாரும் அதில் உண்டு. அதாவது பணம் ஏற்கெனவே மருத்துவமனைகளின் எல்லையைக் கடந்து நோயாளியோடு போகிறது. தகவலும் அதே வழியில் போக என்ன தடை?

என் யோசனை சிறியது. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை அரசு, இ.எஸ்.ஐ., ரயில்வே, துறைமுகம், தனியார் எல்லோரும் ஒரு நோயாளியை மாற்றி அனுப்பும்போது ஒரே வடிவில் ஒரு பக்கம் அனுப்பட்டும். எப்போது என்ன நடந்தது, அலர்ஜி, தினமும் சாப்பிடும் மாத்திரை, அளந்த எடையா கண்ணளவா, கடைசியாகக் கொடுத்த மருந்தும் நேரமும், கடைசி ஆக்ஸிஜன், அனுப்பும் மருத்துவரின் போன் எண். இது 108 வண்டியின் கருவியிலும் ஏற வேண்டும். அச்சாகி நோயாளியின் பையிலும் இருக்க வேண்டும். நோயாளி வந்து சேருமுன்பே அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அதை வைத்து மருந்து தயார் செய்யக் கணினி தடை போடக் கூடாது. ஐ.சி.யூ. கட்டிலுக்குக் கட்டில் திரை வைப்பது அதற்குப் பிறகு, செவிலியர் எண்ணிக்கை உயர்ந்த பிறகு வரட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டு காத்துவைக்க வேண்டும். விரைவில் எடுக்கக் கணினிமயமாக்க முயல வேண்டும். இவை மூன்றும் இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளன. ஐ.சி.யூ.விலிருந்து உங்கள் வீட்டுக்காரர் வார்டுக்கு மாறும்போதோ வேறு மருத்துவமனைக்குப் போகும்போதோ நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.